பட்டறைக்கான கலர் டேப் செட்: டேப் தேறியது, அட்டவணை தேறவில்லை

பட்டறைப் பாதுகாப்புக்கென்றே விற்கும் வினைல் டேப் செட் ஒன்றை எங்கள் மெஷின் ஷாப் முழுக்க ஒட்டி, பல மாதம் புழங்கிப் பார்த்தாகிவிட்டது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என ஐந்து சுருள்கள், மஞ்சள்-கறுப்பு வரி போட்டது ஒன்று, கூடவே சுவரில் மாட்ட ஒரு நிற அட்டவணை. டேப்பைத் தாராளமாக வாங்கலாம். அட்டவணையை மட்டும் மாட்டாதீர்கள்.

தரையில் டேப் நன்றாகப் பிடிக்கிறது. டிராலி சக்கரம் தினமும் ஏறி இறங்கும் நடைபாதைக் கோட்டில்கூட ஓரம் எழும்பவில்லை. லேத் பக்கம்தான் தகராறு. கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) தெறிக்கும் இடங்களில், தின்னர் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ரப்பர் ரோலரால் அழுத்தி ஒட்டியது அப்படியே இருக்கிறது; பஞ்சு வேஸ்ட்டால் ஒப்புக்குத் துடைத்துவிட்டு ஒட்டியது சீக்கிரமே சுருண்டுகொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சுச் சுருள். வெட்டும், நசுக்கும் பாகங்களுக்கு ஆரஞ்சு என்பது பழைய வழக்கம். அதை பெல்ட் கார்டின் (ஓடும் பெல்ட்டை மூடும் காப்பு மூடியின்) உள்பக்கத்தில் ஒட்டினோம். கார்டு மூடியிருந்தால் எதுவும் தெரியாது. திறந்தது திறந்தபடி யாராவது விட்டுப்போனால், ஷாப்பின் மறுகோடியில் நிற்பவர் கண்ணிலும் பளிச்சென்று படும். ஒன்று கவனிக்க வேண்டும்: பெல்ட்டுக்கு நெருக்கமான இடத்தில் டேப் வேண்டாம், பெயின்ட் அடியுங்கள். பிய்ந்த டேப் போய் பெல்ட்டில் சுற்றிக்கொள்ளும்.

மஞ்சளும் நல்ல அடர்த்தி. எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் சிவப்பாகவும் அதன் பின்னணி மஞ்சளாகவும் இருக்க வேண்டும் என்பது ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 60204-1 தரநிலை. பின்னணி மங்கிப்போயிருந்த பழைய மெஷின்களில் இந்த மஞ்சளை வெட்டி ஒட்டினோம், சரியாகப் பொருந்தியது.

இனி அட்டவணை. மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது: தீயணைப்புச் சாதனம், ஆபத்து, நிறுத்தும் பட்டன் ஆகியவற்றுக்குச் சிவப்பு, தடுக்கும், இடிக்கும் இடங்களுக்கு மஞ்சள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஎஸ்எச்ஏவின் விதி 1910.144 சொல்வதும் இதைத்தான். ஆனால் கீழே, எந்தக் கருவி எந்தப் பிரிவுடையது என்று காட்ட எலக்ட்ரிக்கலுக்குச் சிவப்பு, ஃபிட்டருக்கு மஞ்சள் என்று அதே நிறங்களைத் திரும்பவும் பங்குபோட்டிருக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஸ்பேனர், சுத்தியல், டூல் பாக்ஸ் என்று எங்கு பார்த்தாலும் சிவப்பாக இருந்தால், புகை கிளம்பும் நேரத்தில் தீயணைப்பானை எப்படிச் சட்டென்று கண்டுபிடிப்பது? யாருடைய கருவி என்று காட்ட நம்பர் பொறித்தாலே போதும்.

கைக்கருவிகளில் டேப் சுற்றும் முன் இன்னொன்றையும் பாருங்கள். பல கருவிகளுக்கு ஏற்கெனவே சொந்த நிறமொழி உண்டு. தகடு வெட்டும் ஏவியேஷன் ஸ்னிப்பில் சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. பாரம் தூக்கும் பட்டையான பெல்ட் ஸ்லிங்கில், ஐரோப்பியத் தரத்தில் வருவதென்றால், ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். பச்சை ஸ்லிங்கில் அடையாளத்துக்காக மஞ்சள் டேப் சுற்றினால், அவசரத்தில் ஒருவர் 3 டன்னை அதில் மாட்டிவிட வாய்ப்பிருக்கிறது. 1000 வோல்ட் இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவர்கள் சிலவற்றில் மேலுறை ஒரு நிறம், அடியுறை வேறு நிறம். மேலுறை தேய்ந்து அடி நிறம் தெரிந்தால் கருவியை ஒதுக்கிவிட வேண்டும். அதன்மேல் டேப் சுற்றினால் அந்த எச்சரிக்கையையே மூடிவிடுகிறோம். கிரைண்டிங் வீலில் எவ்வளவு வேகம்வரை சுழற்றலாம் என்று நிறத்தால் காட்டும் வேகப் பட்டையும் அப்படித்தான், அதை மறைக்கவே கூடாது.

செட்டில் பெரிய குறை, எழுத்து அச்சிட்ட டேப் இல்லாதது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பட்டறைகளில் நாம் நினைப்பதைவிட அதிகம். மஞ்சள்-கறுப்பு வரி அவர்களுக்கும் தெரியும். வெறும் சிவப்பு, வெறும் பச்சை உதவாது. 'நிறுத்து', 'முதலுதவி' என்று நாங்களே தனியாக அச்சடித்து ஒட்ட வேண்டியதாயிற்று. அடுத்த தயாரிப்பில் அட்டவணையின் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டு, எழுத்துள்ள சுருள் ஒன்றைச் சேர்த்தால் மறுபடியும் இதையே வாங்குவேன்.