கடைவாய்க்கு மெட்டல், முன்பல்லுக்குக் கண்ணாடி: பல் கேப் போடப் போகும் முன்

தண்டையார்பேட்டையில் ஒரு பல் கிளினிக். ரூட் கேனல் முடிந்து, பாதி உதடு மரத்துப்போய் வெளியே வந்து உட்கார்ந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டினார். கேப் ரகங்கள், நாலே வரி. மெட்டல், செராமிக், ஜிர்கோனியா, இ-மேக்ஸ். கீழே இறங்க இறங்க விலை ஏறுகிறது.

"மெட்டல் போட்டா என்னம்மா?"

"அதெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல சார். வயசானவங்கதான் கேப்பாங்க."

நெய் ரோஸ்ட் கடையில் சாதா தோசை கேட்டவனைப் பார்க்கிற பார்வை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மரத்த வாயிலிருந்து சொல் ஒழுங்காக வந்திருக்கவும் வந்திருக்காது. ஆனால் இந்த மாதிரி அட்டைகள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு.

ஆறு வருஷம் முன்பு வேறொரு இடத்தில், இதே போன்ற அட்டையில் இரண்டாவது வரியைக் காட்டினேன். கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல். ஆவென்று வாயைப் பிளந்தாலும் அடுத்தவர் கண்ணுக்குப் படாத இடம். அங்கே போய்ப் பல் நிறத்தில் இருக்கட்டும் என்று செராமிக். மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் வாங்கி வந்த நண்டு. கொடுக்கைக் கடித்தபோது 'டக்' என்றது. நண்டு ஓடுதான் என்று துப்பினால், உள்ளங்கையில் வெள்ளையாக, நகம் அளவுக்கு ஒரு சில்லு. நாக்கால் தடவினால் கேப்பின் மேல் சொரசொரவென்று ஒரு பள்ளம். கிளினிக்கில் போய்க் காட்டியதற்கு, "நண்டெல்லாம் கடிக்கக் கூடாது சார்" என்றார்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

அதற்கப்புறம்தான் கேப் விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், தெரிந்த பல் டாக்டர்களைக் குடைந்தேன். எதை எந்தப் பல்லுக்கு என்பதுதான் முதல் கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த அட்டையில் இல்லாதது அது ஒன்றுதான்.

முதலில், கேப்பே தேவையா? ரூட் கேனல் செய்த கடைவாய்ப்பல் என்றால் பெரும்பாலும் தேவை. நரம்பை எடுத்ததால் பல் காய்ந்து உளுத்துவிடும் என்று நம்மூரில் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. சொத்தை தின்றது போக, டாக்டர் உள்ளே இறங்குவதற்குக் குடைந்தது போக, பல் நாலு சுவரும் நடுவில் குழியுமாக நிற்கிறது. அதன் மேல் அரைக்கிற பாரம் இறங்கினால் சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும். பிளவு வேர் வரைக்கும் போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போல, சுற்றிப் பிடித்து அந்தச் சுவர்களைச் சேர்த்து நிறுத்துவதுதான் கேப்பின் வேலை. ரூட் கேனல் செய்து கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வலிதான் போய்விட்டதே, கேப்பை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். வலி போனதற்குக் காரணம் நரம்பு போனது. பல் பலமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

முன்பல் கதை வேறு. பின்பக்கம் சின்ன ஓட்டை போட்டு ரூட் கேனல் செய்திருந்து, மற்றபடி பல் முழுசாக இருந்தால் ஃபில்லிங்கே போதும். அதேபோல, நல்ல உயிருள்ள பல்லை மஞ்சளாக இருக்கிறதே என்று செதுக்கிக் கேப் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முழுக் கேப்புக்காகச் செதுக்கும்போது, வெளியே தெரிகிற பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூளாகப் போகிறது. எனாமல் திரும்ப முளைக்காது. செதுக்கிய அதிர்ச்சியிலேயே சில பற்களில் பின்னால் நரம்பு செத்து, ரூட் கேனலில் போய் முடிவதும் உண்டு.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்: ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரமாவது சொந்தப் பல் இருந்தால்தான் கேப்புக்குப் பிடிப்பு. அதுவும் இல்லை என்றால் எந்த விலைக் கேப்பும் நிற்காது. பிடுங்கிவிட்டு வேறு யோசிப்பது உத்தமம்.

சரி, அட்டைக்கு வருவோம்.

மெட்டல். என் மாமியாருக்கு மேல் கடைவாயில் ஒன்று இருக்கிறது. என் கல்யாணத்துக்கு முன்பே போட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொட்டாவி விட்டால் மினுக்கென்று தெரியும். அந்தப் பல்லால் அவர் உடைக்காத பொருள் கிடையாது. கொட்டைப்பாக்கு முதற்கொண்டு. இது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை. அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடிமன் இருந்தாலே தாங்கும் என்பதால், பல்லைச் செதுக்குவது இருப்பதிலேயே குறைவு இதில்தான். குட்டையான கடைசிப் பல்லுக்கு இது பெரிய விஷயம். செதுக்கச் செதுக்கக் கேப் பிடிக்க இடமில்லாமல் போகும் இல்லையா? மெட்டல் சில்லு பெயராது, உடையாது, எதிர்ப்பல்லையும் அவ்வளவாகத் தேய்க்காது.

குறை என்றால் முதலில் நிறம். அடுத்து நிக்கல் ஒவ்வாமை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள், வாட்ச் பின்பக்கம் பட்ட இடத்தில் அரிப்பெடுக்கிறவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நிக்கல் இல்லாத கலவை, அல்லது ஜிர்கோனியா. பின்னால் தலைக்கு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் கேப் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கலாம்.

தங்கக் கேப்பைப் பற்றியும் ஒரு வரி. பல் மருத்துவத்தில் இன்றும் அதற்கு மரியாதை குறையவில்லை. எதிர்ப்பல்லோடு ஒத்துத் தேயும், ஓரம் கச்சிதமாக உட்காரும். ஆனால் சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும் என்பதால் மற்ற உலோகம் கலந்த தனிக் கலவைதான் ஆகும். சவுகார்பேட்டையில் நகையை உருக்கிக்கொண்டு போய்க் கொடுத்துக் கேப் செய்து தா என்றால் நடக்காது.

இரண்டாவது வரி செராமிக். அட்டையில் அப்படிப் போட்டிருந்தாலும் உள்ளே மெட்டல் தொப்பி, அதன் மேல் சூளையில் சுட்டு ஏற்றிய பீங்கான். 1960-களிலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு, மட்டமென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டும் என்பதால் மேற்பரப்பில் ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை பல்லைச் செதுக்க வேண்டும். மெட்டலுக்கும் பீங்கானுக்கும் ஒட்டு இருக்கிறதே, அங்கேதான் வினை. பாரம் கோணலாக விழுந்தால் பீங்கான் பெயர்ந்து வரும். என் நண்டுச் சில்லு அதுதான். பெயர்ந்த இடத்தில் ஃபில்லிங் பூசித் தேற்றலாம், அது சில மாதம் ஓடும். முன்பல்லில் போட்டவர்களுக்கு வேறொரு தொல்லை: வயதாகி ஈறு கொஞ்சம் ஏறும்போது, கேப்பின் ஓரத்தில் மை வைத்துக் கோடு போட்டாற்போலக் கறுப்பு தெரியும். கல்யாண ஆல்பத்தில் சிரிப்பை நிறுத்திவிட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

உள்மெட்டலை லேசரில் உருக்கி அடுக்கடுக்காகச் செய்வதை டிஎம்எல்எஸ் என்று கூடுதல் விலைக்குச் சொல்வார்கள். பல்லில் பொருந்துவது நன்றாக இருக்கும். மேலே இருப்பது அதே பீங்கான்தான்.

இன்றைக்கு எல்லாருக்கும் தள்ளப்படுவது ஜிர்கோனியா. தள்ளப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஜிர்கோனியம் ஆக்சைடு. இதே பொருளின் இன்னொரு படிக வடிவம்தான் அமெரிக்கன் டைமண்ட் என்று மூக்குத்தியில் மின்னுகிற கல். இதற்கான மூலக்கனிமம் ஜிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. பீங்கான் சாதியிலேயே இது ஏன் உடையாமல் நிற்கிறது என்பது அழகான சங்கதி. விரிசல் ஒன்று கிளம்பினால், அதன் நுனியில் இருக்கும் துகள்கள் வடிவம் மாறி 4 சதவீதம் போலப் பருக்கும். பருத்த துகள்கள் விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கி அங்கேயே மடக்கிவிடும். 1975-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொன்னபோது, 'பீங்கான் எஃகு' என்றே அழைத்தார்கள்.

செய்கிற விதமும் வேடிக்கை. சுண்ணாம்புக் கட்டி போல மிருதுவாக இருக்கும் வில்லையில் கம்ப்யூட்டர் மெஷின் கேப்பைக் கடைந்தெடுக்கிறது, நிஜ அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெரிதாக. பிறகு 1,500 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது. முதல் துவைப்பில் சுருங்கும் என்று தெரிந்தே எம்.சி. ரோட்டில் ஒரு சைஸ் பெரிய பருத்திச் சட்டை எடுக்கிற நம் அம்மாக்களின் கணக்கு.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு, கடைவாயும் வெள்ளையாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மேல் பூச்சில்லாத முழு ஜிர்கோனியா நல்ல தேர்வு. மேலே பீங்கான் பூசிய ஜிர்கோனியாவும் உண்டு; அதில் பூச்சு பெயரும் வாய்ப்பு மறுபடி வந்துவிடும். எது என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க அழகாக, ஒளி ஊடுருவும்படி செய்யும் புது ரகங்களில் அழகு கூடக்கூட வலு குறையும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தின்றுவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா, பழைய பீங்கானைவிடக் குறைவாகத்தான் எதிர்ப்பல்லைத் தேய்க்கிறது. வம்பு எங்கே வருகிறது என்றால், கேப் வந்ததும் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உயரமான இடத்தை டாக்டர் தேய்த்துக் குறைக்கிறார் பாருங்கள், அங்கே. தேய்த்த இடம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். திரும்பப் பாலிஷ் போடாமல் ஒட்டிவிட்டால், எதிர்ப்பல் பாடு திண்டாட்டம். "பாலிஷ் போட்டுட்டீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பின்னால் அந்தப் பல்லில் மறுபடி ரூட் கேனல் தேவைப்பட்டால், ஜிர்கோனியாவைத் துளைப்பது பெரும்பாடு.

வாரண்டி கார்டு. பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று பளபளவென்று தருவார்கள். அந்த உத்தரவாதம் கேப்புக்கு. உள்ளே இருக்கும் உங்கள் பல்லுக்கு இல்லை. கேப் சொத்தையாகாது, கேப்பின் ஓரமும் பல்லும் சேரும் இடம் தாராளமாகச் சொத்தையாகும். மாவா, ஹான்ஸ் என்று புகையிலை அடக்குகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

கடைசி வரி இ-மேக்ஸ். லித்தியம் டைசிலிகேட், ஒருவகைக் கண்ணாடிப் பீங்கான். வலு என்று பார்த்தால் வழக்கமான ஜிர்கோனியாவில் பாதிதான். விலை மட்டும் எப்படி மேலே? அழகுக்கு. பக்கத்துப் பல்லைப் போலவே வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பும். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடி முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டு வந்த என் அக்கா பையனுக்கு இதைத்தான் போட்டார்கள். எது கேப் என்று அவனைக் கேட்டால்தான் தெரியும். ஆசிட் வைத்துச் சொரசொரப்பாக்கிப் பல்லோடு கெட்டியாக ஒட்டவைக்க முடிவது இதன் இன்னொரு பலம். ஜிர்கோனியாவில் அந்த ஆசிட் வேலை பலிக்காது. ஆக, இந்த விலை உயர்ந்த வரியைக் கடைசிக் கடைவாய்க்குப் போடுவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மீன் வாங்கப் போகிற மாதிரி.

குழந்தைகளுக்கு இந்த அட்டையே வேண்டாம். பால் கடைவாய்ப்பல் சொத்தையானால் ரெடிமேட் ஸ்டீல் கேப் இருக்கிறது. சில சமயம் ஊசி, டிரில் எதுவும் இல்லாமல் அப்படியே அழுத்தி மாட்டிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பல்லோடு சேர்ந்து தானே விழுந்துவிடும். விழப்போகிற பல்தானே என்று பிடுங்கினால், பக்கத்துப் பல் சாய்ந்து, முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

செலவுக்குப் பயந்து பெரியவர்கள் பிடுங்கிக்கொள்வதும் இதே கணக்கில்தான் இடிக்கிறது. பிடுங்கிய இடத்தில் பல் கட்ட பிரிட்ஜ் போட்டால் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் செதுக்க வேண்டும். தாடையெலும்பில் திருகு இறக்கிப் பல் நடும் இம்ப்ளாண்ட் என்றால் ஒரு கேப்பின் விலையைப்போலப் பல மடங்கு. கையில் காசில்லை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் பார்ப்பார்கள், மேலே பேராசிரியர்கள் சரிபார்ப்பார்கள். நாலைந்து தடவை அலைய வேண்டிவரும், வரிசை நீளம். நேரம் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

நான் இந்த முறை மெட்டலே போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை மேல்வரிசை, கடைசிக்கு முந்தின பல், கொஞ்சம் குட்டை. டாக்டர் அட்டையைப் பார்க்காமல் என் எக்ஸ்ரேயைப் பார்த்து, "உங்களுக்கு இதுதான் சரி, நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். முன்பே சொல்லியிருக்கலாம். ஒட்டி முடித்து நீலக் காகிதத்தைக் கடித்து, ஓரத்தில் நூல் விட்டு இழுத்து மிச்சம் ஒட்டியிருந்த சிமெண்டை எடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஓரத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வந்து பணம் கட்டும்போது கார்டு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"மெட்டலுக்கு வாரண்டி கிடையாதே சார்" என்றார் அந்தப் பெண்.