சாலையோரம் நிற்பதற்கு டிக்கெட் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

போன வாரம் எங்கள் டர்பன் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. 2026 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், அது முடியும் ஆல்ப் டுவெஸ் மலை, இரண்டு நாளும் விஐபி இடம், சைக்கிள் வாடகை உட்பட. நிறுவனத்தின் பெயர் புதிது. ஆனால் கீழே போட்டிருந்த கொண்டை ஊசி வளைவுப் படம் எனக்கு மனப்பாடம். 2022இல் அதே படத்தைப் பார்த்துத்தான் நானும் அண்ணனும் ஆளுக்கு 42,000 ராண்ட் கட்டினோம். விமான டிக்கெட், விசா தனி. இரண்டு பேர் ஏற்கெனவே ‘விவரம் அனுப்புங்கள்’ என்று பதில் போட்டிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், அறுபதை நெருங்குகிறவர். தமிழ் காவடிப் பாட்டு அளவுக்குத்தான் வரும், ஆனால் என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். ஞாயிறு விடிவதற்கு முன் இருவரும் சைக்கிளில் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டை ஏறிவிட்டு வருவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் அமஷோவா சைக்கிள் பந்தயத்தை அவர் பல முறை ஓட்டி முடித்திருக்கிறார். அவருக்கு டூர் பைத்தியம் பிடித்தது 2015 ஜூலை 18இல், மண்டேலா நாளன்று. ஆப்பிரிக்காவில் பதிவான ஓர் அணி முதன்முதலாக டூரில் ஓடிய வருடம் அது. அந்த எம்டிஎன்-கியூபெக்கா அணியின் ஸ்டீவ் கம்மிங்ஸ் அன்று மான்ட் ஊரில் முடிந்த கட்டத்தில் ஜெயித்தார். ‘சாவதற்குள் ஒரு தடவை ஆல்ப் டுவெஸ் மலையில் நிற்க வேண்டும் தம்பி’ என்று அன்றே ஆரம்பித்துவிட்டார்.

2022இல் எங்களுக்கு விற்றவர் கோயில் பழக்கத்தில் வந்தவர். ‘நம்ம ஆள்’ என்று இரண்டு பேர் சொன்னார்கள், அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. மலை அடிவாரத்து பூர்க் துவாசான் ஊரில் ஹோட்டல், உயரத்துக்கு ஏற்ற கார்பன் சைக்கிள், கூடவே வரும் வேன், ஏழாம் வளைவில் கயிறு கட்டி ஒதுக்கிய விஐபி இடம். எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருந்தது. கார்டில் கட்டினால் ஐந்து சதவீதம் கூடுதல், இஎஃப்டி (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புவது) என்றால் இல்லை என்றார். சரி என்று இஎஃப்டியில் அனுப்பினோம். அந்த ஐந்து சதவீதத்தை மிச்சம் பிடித்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

இன்னொரு அறிகுறியும் கண்முன்னாலேயே இருந்தது. விசாவுக்காகக் கேட்ட ஹோட்டல் கடிதத்தில் முகவரி கிரெனோபிள் என்று இருந்தது. கேட்டதற்கு, ‘அது விசாவுக்கு மட்டும்’ என்றார். பணம் கட்டிய ரசீது கேட்டால் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு), கணினி வேலை செய்யவில்லை என்பார். மின்வெட்டு ஆறாம் கட்டம்வரை போயிருந்த நேரம். யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் வீட்டிலும்தான் கரண்ட் இல்லை.

போய் இறங்கினால் ஹோட்டல் உண்மையிலேயே கிரெனோபிளின் ஓரத்தில்தான். மலை அடிவாரத்துக்கு அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சைக்கிள் பழைய அலுமினியம், எனக்கு ஒரு சைஸ் பெரிது, பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. கியர் அதைவிட மோசம். முன்னால் 34, பின்னால் 32 பல் என்று சொன்னவர்கள் கையில் கொடுத்தது முன்னால் 39, பின்னால் 25. மலை ஏறிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒவ்வொரு மிதிக்கும் ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிற மாதிரி. சைக்கிளைக் கொடுக்கும்போது ஆளுக்கு 300 யூரோ முன்பணம் என்று புதிதாக ஒன்றையும் கேட்டார்கள். திருப்பிக் கொடுத்தபோது கீறல் இருக்கிறது என்று அதையும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கீறலுக்குள் பழைய அழுக்கே படிந்திருந்தது!

ஜூலை 14. பிரியான்சோனிலிருந்து கலிபியே, குரூவா த ஃபேர் என்ற இரண்டு மலைக் கணவாய்களையும் தாண்டி ஆல்ப் டுவெஸில் முடியும் நாள். பந்தயத்துக்கு வெகு நேரம் முன்பே மலைச் சாலையைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள். இது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் வேன் ஓட்டிய பையனுக்குத் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் நெரிசலில் மாட்டி, இன்னும் 20 கிலோமீட்டர் இருக்கும்போது, ‘இங்கேயே இறங்கி ஓட்டிக்கொண்டு போங்கள், மாலை இதே இடத்தில் நிற்பேன்’ என்றான்.

கொல்லிமலைக்கு 70 வளைவு, இந்த மலைக்கு 21 தானே என்று நினைக்காதீர்கள். 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீத ஏற்றம். கீழேயிருந்து 21, 20, 19 என்று இறங்குவரிசையில் எண் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு வளைவிலும் அங்கே ஜெயித்தவர் பெயரோடு பலகை. 1952இல் முதலில் ஜெயித்த ஃபாஸ்டோ கோப்பியின் பெயர் 21ஆம் வளைவில். அதிலும் முதல் சில கிலோமீட்டர்தான் மோசமானது, பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. 19ஆம் வளைவில் அண்ணன் இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன், அவருக்குத் துணையாக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு 18 வரை போனோம். அதற்கு மேல் ழாந்தார்ம்கள் (பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள்) விடவில்லை. நாங்கள் பணம் கட்டிய ஏழாம் வளைவு இன்னும் வெகு தூரம்.

அங்கே கூடாரம் போட்டிருந்த ஒரு டச்சுக் குடும்பம் நிழலும் தண்ணீரும் கொடுத்தது. விஐபி இடம் கதையைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். ஏழாம் வளைவு டச்சுக்காரர்கள் வருடக்கணக்காக ஆரஞ்சுச் சட்டையோடு கூடும் இடமாம். யாரும் யாருக்கும் கயிறு கட்டித் தர முடியாது. டூர் டி பிரான்ஸைச் சாலையோரம் நின்று பார்க்க ஒரு சென்ட்கூட வேண்டாம், என்றைக்கும் இலவசம். அமைப்பாளர்களே விற்கும் விருந்தினர் ஏற்பாடுகள் உண்டு, அது வேறு விஷயம். எங்களுக்கு விற்றது பொதுச் சாலையின் புல்தரையை.

அப்புறம் விளம்பர வண்டிகள் வந்தன, சிவப்புப் புள்ளித் தொப்பிகளை வீசிக்கொண்டு போயின. அண்ணன் இரண்டு பிடித்தார். பிறகு ஹெலிகாப்டர் சத்தம். முன்னால் ஓடிய சிறு கூட்டத்தில் நம்ம தென்னாப்பிரிக்க வீரர் லூயி மெய்ன்ட்ஜெஸ்! கை நீட்டினால் தொடுகிற தூரம். அண்ணன் கத்திய கத்தலில் டச்சுக் குழந்தை அழுதுவிட்டது. அன்று டாம் பிட்காக் முதலில் வர, மெய்ன்ட்ஜெஸ் 48 விநாடி பின்தங்கி இரண்டாவது, ஜோகன்னஸ்பர்கில் பள்ளிக்கூடம் படித்த கிறிஸ் ஃப்ரூம் மூன்றாவது. அந்தச் சில விநாடிகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்காக 42,000 ராண்டை மறக்கவும் முடியாது.

மாலையில் வேன் இல்லை. போனும் எடுக்கவில்லை. விளக்கில்லாத சைக்கிளில், தேய்ந்த பிரேக்கோடு, ரொமான்ஷ் ஆற்றோரமாக இறங்கி கிரெனோபிள் சேரும்போது இரவு பத்தரை தாண்டிவிட்டது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அண்ணி கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயும் பையில் மிச்சமிருந்த ரொட்டியும்தான் சாப்பாடு.

திரும்பி வந்து விற்றவரிடம் கேட்டபோது முதலில் லோட்ஷெடிங், பிறகு மாமியார் சாவு, பிறகு பிளாக். அதன் பிறகுதான் நிறுவனப் பதிவை சிஐபிசியில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) தேடினேன். அவர் சொன்ன பெயரில் நிறுவனமே இல்லை, நாங்கள் பணம் போட்ட கணக்கு வேறு பெயரில். அசாட்டா (பயண முகவர்கள் சங்கம்) உறுப்பினர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார், அந்தப் பட்டியலிலும் இல்லை. இரண்டையும் தேட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இஎஃப்டி பணத்தைத் திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதினேன். இன்றுவரை ஒரு ராண்ட் வரவில்லை.

2026இல் ஜூலை 24, 25 இரண்டு நாளும் பந்தயம் ஆல்ப் டுவெஸில்தான் முடிகிறது, அதனால் இந்த மாதிரி ஆட்கள் இன்னும் கிளம்புவார்கள். போக ஆசைப்படுகிறவர்கள் பூர்க் துவாசானிலோ அக்கம்பக்கத்திலோ அறையை நேரடியாக நீங்களே கார்டில் பதிவு செய்யுங்கள். சைக்கிளையும் அங்கேயுள்ள கடையிலேயே எடுங்கள், கியர் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு. அந்த விளம்பரம் போட்டவர்களின் வங்கிக் கணக்கு எண் என் பழைய இஎஃப்டி சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். யாரிடமாவது அது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.