தொண்டூழியப் பயணத்துக்குச் சாயர் மினி நீர் வடிகட்டி: எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குழாய் நீரையும் கொதிக்க வைத்துக் குடிப்பதே பழக்கம். நேப்பாளத்திலோ கம்போடியாவிலோ ஒரு கிராமப் பள்ளியில் தொண்டூழியம் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு அந்த வசதி எல்லா நேரமும் கிடைக்காது. விறகும் எரிவாயுவும் அந்த வீட்டுக்காரர்களின் செலவு. போன மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கில் படுத்தால், உதவப் போனவரையே அவர்கள் கவனிக்க வேண்டியதாகிவிடும். அதனால் பயணப்பையில் முதலில் இடம் பிடிக்க வேண்டியது நீருக்கான ஏற்பாடுதான்.

சாயர் மினியின் எடை ஏறத்தாழ 57 கிராம். கூடவே ஒரு மடக்குப் பை, உறிஞ்சுகுழல், கழுவும் சிரிஞ்சு வரும். உள்ளே இருப்பவை குழல் போல உள்ளீடற்ற மெல்லிய இழைகள். அவற்றின் துளை 0.1 மைக்ரான். காலரா, டைப்பாய்டு போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியாவும், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் அதில் நின்றுவிடும். தனி ஒருவருக்கு இது நல்ல பொருள், தயங்காமல் வாங்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

0.1 மைக்ரான் என்றால் 100 நானோமீட்டர். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பதைட்டிஸ் ஏ வைரஸ் ஏறத்தாழ 27 நானோமீட்டர்தான். நேப்பாளத்தில் பலமுறை பரவியுள்ள ஹெப்பதைட்டிஸ் ஈ வைரஸும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டும் தாராளமாகப் புகுந்து வரும். அதற்குக் குளோரின் மாத்திரை வேண்டும். குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் சாகாது, வடிகட்டிக்கு வைரஸ் அகப்படாது. ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் காவல். முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு, 30 நிமிடம் கழித்துக் குடிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கலங்கல் நீரில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மாத்திரைகள் பல வலுவில் விற்கின்றன: ஒரு லிட்டருக்கானது ஒன்று, இருபது லிட்டருக்கானது ஒன்று. அட்டையில் உள்ள அளவைப் படித்த பிறகே போத்தலில் போடுங்கள்.

கரைந்த பொருள்களை இந்தக் கருவி தொடுவதே இல்லை. வீட்டில் உப்பு கரைத்த நீரை இதில் விட்டுப் பாருங்கள், உப்பாகவே வரும். (பிறகு நல்ல நீர் விட்டு அலசிவிடுங்கள்.) ஆர்சனிக்கும் அப்படித்தான் வரும். கம்போடியாவின் கண்டால் மாநிலத்திலும் நேப்பாளத்தின் தெராய் சமவெளியிலும் குழாய்க் கிணறுகளில் அந்த நஞ்சு கண்டறியப்பட்டிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். எந்தக் கிணறு சோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்பதைப் புறப்படும் முன்பே அழைக்கும் அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் மழைநீரோ போத்தல் நீரோ கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இதன் பெரிய குறை அடைப்பு. சேற்று நீரை நேரே விட்டால் சீக்கிரமே ஓட்டம் குறைந்து, பையைப் பிழிய வேண்டி வரும். அளவுக்கு மீறிப் பிழிந்தால் பையின் ஓரம் பிரிந்துவிடும். நீரைக் கொஞ்சம் தெளிய விட்டு, பல மடிப்பாக மடித்த பழைய பருத்திச் சேலையில் வடித்த பிறகு இதில் ஊற்றுங்கள். வங்காளதேசத்தில் இப்படிச் சேலையில் நீரை வடித்த கிராமங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2003-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நைந்த துணியே நல்லது, அதில் இழை நெருங்கியிருக்கும்.

கழுவும்போது சிரிஞ்சில் வடிகட்டிய நீரை மட்டும் நிரப்பி, நீர் வெளிவரும் முனையிலிருந்து வேகமாகத் தள்ள வேண்டும். ஆற்று நீரைத் தள்ளினால் கிருமி சுத்தமான பக்கத்திலேயே குடியேறிவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. தள்ளும் நீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். சிரிஞ்சு தொலைந்தால் கருவியின் ஆயுளும் முடிந்த மாதிரிதான். நீர் நுழையும் முனையில் உள்ள சிறு வாஷர் கழன்று விழுவதும் உண்டு, அது இல்லாவிட்டால் அழுக்கு நீர் ஒழுகி நல்ல நீரில் கலக்கும். குளிர்பானப் போத்தலின் வாய் இதற்குப் பொருந்தும், மெல்லிய மினரல் நீர்ப் போத்தல்கள் பலவற்றின் வாய் பொருந்தாது. ஊரில் இருக்கும்போதே திருகிப் பார்த்துவிடுங்கள்.

பனியை அறியாத நம் ஊர்ப் பிள்ளைகள் மறக்கக்கூடிய ஒன்று உண்டு: ஒருமுறை நனைந்த வடிகட்டி உறையக்கூடாது. உறைந்தால் இழைகள் விரிசல் விடும், நீரோ வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். நேப்பாள மலையில் குளிர்கால இரவென்றால் தூங்கும் பைக்குள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்ததோ என்ற ஐயம் வந்தாலே தூக்கி எறியுங்கள்.

குழுவுக்கு இது சரிப்படாது. ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் நாளுக்குப் பதினெட்டு லிட்டர். அவ்வளவையும் பிழிந்து முடிக்கக் கை ஓய்ந்துவிடும். அதே நிறுவனத்தின் பெரிய ஸ்குவீஸ் வகையைத் தொங்கும் வாளியோடு இணைப்பது மேல். சமையலுக்கான நீரைக் கொதிக்க வைத்துவிடலாம்: நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

திரும்பும்போது கருவியைத் தங்கிய வீட்டுக்கே கொடுத்துவிட்டு வரும் எண்ணம் இருந்தால், சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுங்கள். கழுவும் முறையைச் சொன்னால் போதாது. கிளம்புவதற்குச் சில நாள் முன்பே அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பவர் யாரோ அவர் கையில் கொடுத்து, அடைத்துக்கொண்ட வடிகட்டியை அவரே கழுவி மீட்கும்வரை பக்கத்தில் இருங்கள்.