ஏஐஎஸ் ஸ்பிளிட்டர் என்று டிவி ஸ்பிளிட்டரை மாட்டுகிறார்கள்: விசைப்படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஒரே ஆண்டெனாவில் விஎச்எஃப் செட்டும் (பேசும் ரேடியோ) ஏஐஎஸ்ஸும் (சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் கருவி) ஓடும், இரண்டாவது ஆண்டெனா செலவு மிச்சம் என்று சொல்லி ஸ்பிளிட்டர் என்று ஒரு கருப்பு டப்பாவை மாட்டிவிட்டு 9,000 ரூபாய் வாங்கிப் போனார் மெக்கானிக். கடலுக்குப் போய் முதல் தடவை மைக்கை அழுத்திப் பேசிய சில நிமிடத்தில் ஏஐஎஸ் திரையில் இருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேசும் நேரத்தில் புதுத் தகவல் வராமல் இருப்பது சகஜம். பேசி முடித்து அரை மணி ஆகியும் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

டப்பாவைத் திறந்தால் மிளகளவு ஃபெரைட் (காந்தப் பொருள்) துண்டு, அதில் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி இரண்டு மூன்று சுற்று, கம்பி கருகியிருந்தது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டினால் '5–1000 மெகாஹெர்ட்ஸ்'. கேபிள் டிவிக்காரர் மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் அதே சாமான்தான்.

விஎச்எஃப் செட் 25 வாட் தள்ளும். ஏஐஎஸ் ரிசீவரின் வாயோ மைக்ரோவோல்ட் கணக்கில் சிக்னல் வாங்குவதற்குச் செய்தது. டிவி ஸ்பிளிட்டர் 25 வாட்டில் நூறில் ஒரு பங்கைக் கசியவிட்டாலும் கால் வாட். ரிசீவர் பழுதாக அதுவே போதும். கம்பி கருகிய பிறகு அந்தத் தடுப்பும் கிடையாது. பழுதாகாமல் ஓடினாலும் பாதி பவர் அதிலேயே வீண், கூடவே 50 ஓம் லைனில் 75 ஓம் சாமான், ஒன்றுக்கொன்று பொருந்தாது. 'டி' கனெக்டர் போட்டுப் பிரிப்பது இதைவிட மோசம், தடுப்பே இல்லை.

அசல் ஸ்பிளிட்டருக்கு 12 வோல்ட் சப்ளை ஒயர் இருக்கும். மைக்கை அழுத்தியதை உணர்ந்து அந்த நொடியே ஏஐஎஸ் பக்கத்தைத் துண்டிக்கும் சர்க்யூட்டுக்குத்தான் அந்த சப்ளை. ஒயர் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். நல்ல வகையில் சப்ளை போனாலும் ஆண்டெனா விஎச்எஃப் பக்கமே நிற்கும்: ஸ்பிளிட்டரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, 1 வாட்டில் பக்கத்துப் படகோடு பேசிப் பாருங்கள். சோதனைக்கு அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் வேண்டாம், 72-இல் பேசுங்கள்.

இன்னொரு ஏமாற்று இதைவிட ஆபத்தானது. 12 வோல்ட் ஒயரோடு அசல் ஸ்பிளிட்டரே தருவார்கள், ஆனால் அது ரிசீவருக்கு மட்டும் ஆனது. நம் படகுகளில் ஏஐஎஸ் என்றால் பெரும்பாலும் கிளாஸ் பி (சிறு படகு வகை) டிரான்ஸ்பாண்டர். அது 2 வாட்டோ 5 வாட்டோ தானும் அனுப்பும். ரிசீவர் ஸ்பிளிட்டர் அதை வெளியே விடாது. உங்கள் திரையில் எல்லாக் கப்பலும் தெரியும், உங்கள் படகு மட்டும் எவர் திரையிலும் தெரியாது. இரவில் வலை போட்டுக் கிடக்கும்போது சரக்குக் கப்பல் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாட்டிய அன்றே, ஏஐஎஸ் உள்ள வேறொரு படகில் உங்கள் எம்எம்எஸ்ஐ எண் (படகின் ரேடியோ அடையாள எண்) தெரிகிறதா என்று கேளுங்கள். 2 நாட் வேகத்தைத் தாண்டாத படகு 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அனுப்பும், அதனால் பத்து நிமிடம் பொறுங்கள்.

கேபிளிலும் கைவைக்கிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓடினால் பாதி பவர் போய்விடும். தடித்த ஆர்ஜி-213 என்றால் கால் பங்குதான் போகும். ஆண்டெனா 156 முதல் 162.5 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்க வேண்டும், ஏனென்றால் ஏஐஎஸ் 161.975-இலும் 162.025-இலும் ஓடுகிறது. ஆண்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 2-ஐத் தாண்டினால் முதலில் கனெக்டருக்குள் உப்புத்தண்ணீர் ஏறிச் செம்பு கறுத்திருக்கிறதா பாருங்கள்.

இடம் இருந்தால் இரண்டு ஆண்டெனாதான் மேல். ஒன்று முறிந்தாலும் மற்றது நிற்கும். பெரிய கப்பல்களில் ஒரே மட்டத்தில் என்றால் 10 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். விசைப்படகில் அதற்கு வழியில்லை, மாஸ்டில் மேலும் கீழுமாக 2 மீட்டர் விட்டுக் கட்டுங்கள்.

ஸ்பிளிட்டர்தான் வாங்குவது என்றால், பில்லில் 'கிளாஸ் பி டிரான்ஸ்பாண்டருக்கானது, 12 வோல்ட்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.