ராஸ் 2 டாக்கர் இமேஜும் டெவ் கன்டெய்னரும்: பில்டுக்கு அருமை, நெட்வொர்க்கில் கவனம்

ரோபோ மென்பொருள் கட்டமைப்பான ராஸ் 2-இன் ஹம்பிள் பதிப்புக்கு உபுண்டு 22.04 வேண்டும், ஜாஸி பதிப்புக்கு 24.04 வேண்டும். இரண்டு புராஜெக்ட்டும் ஒரே கணினியில் ஓட வேண்டுமென்றால் ராஸ் 2-இன் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜையும் (தேவையான மென்பொருளோடு தயாராக வரும் தொகுப்பு; அதை ஓட்டினால் கணினிக்குள் தனித்த சூழலாகக் கன்டெய்னர் உருவாகும்), கன்டெய்னருக்குள்ளேயே நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் எடிட்டரின் டெவ் கன்டெய்னர் நீட்சியையும் தாராளமாக நம்பலாம். பில்ட் வரை அமைப்பு உறுதியானது. கன்டெய்னர் வெளியுலகோடு பேசும் இடங்களில்தான் நம் கைவேலை தேவைப்படுகிறது.

இமேஜில் ராஸ்-பேஸ் என்ற டேக்கே (வகைப்பெயர்) பெரும்பாலும் போதும். ரோபோ தரவைப் படமாகக் காட்டும் ஆர்விஸ் வேண்டுமானால், ராஸைப் பராமரிக்கும் அமைப்பான ஓஎஸ்ஆர்எஃப் பெயரில் வரும் டெஸ்க்டாப் டேக்கை எடுக்க வேண்டும். ராஸ் களஞ்சியத்தின் பழைய கையொப்பச் சாவி 2025 ஜூன் 1 அன்று காலாவதியானது. அதற்கு முன் இறக்கிய இமேஜில், மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் பிழை காட்டும். இமேஜைப் புதிதாக இறக்கினால் சரியாகிவிடும்.

முதலில் எல்லோரையும் குழப்புவது டெர்மினல். ராஸ் சூழலை ஏற்றுவது, கன்டெய்னர் தொடங்கும்போது ஓடும் இமேஜின் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் புது டெர்மினல் திறந்தால் அது அந்த ஸ்கிரிப்ட் வழியாக வருவதில்லை. அதனால் ராஸ் கட்டளையே கிடைக்கவில்லை என்று சொல்லும். செட்டப் கோப்பை சோர்ஸ் செய்யும் வரியைப் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பயனரின் பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பயனர் எண். ரூட்டாகவே (நிர்வாகியாகவே) பில்ட் செய்தால் பில்ட், இன்ஸ்டால், லாக் கோப்புறைகள் ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் கணினியில்) ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், வெளியிலிருந்து சாதாரணப் பயனராக அழிக்கக்கூட முடியாது. ஹம்பிளுக்கு எழுதிய டாக்கர்ஃபைலை (இமேஜை உருவாக்கும் கட்டளைக் கோப்பை) ஜாஸிக்குக் கொண்டுபோனால், 1000 என்ற எண்ணில் பயனரை உருவாக்கும் வரி தோற்கும். உபுண்டு 24.04 இமேஜில் அந்த எண் 'உபுண்டு' என்ற பயனரிடம் ஏற்கெனவே இருப்பதே காரணம். அவரையே பயன்படுத்துவது சுலபம்.

ராஸின் பில்ட் கருவியான கால்கானில், கோப்பை நகலெடுக்காமல் இணைப்பு மட்டும் வைக்கும் சிம்லிங்க் இன்ஸ்டால் போட்டால் பைத்தான் திருத்தங்களுக்கு மறு பில்ட் தேவையில்லை. நினைவகம் குறைவான கணினியில் கம்பைலர் பாதியில் கொல்லப்பட்டால், இணைப் பணிகளை 2 ஆகக் குறையுங்கள். புராஜெக்ட்டுக்குத் தேவையான பிற மென்பொருள்களை நிறுவும் ராஸ்டெப்பை ஓட்டும் முன் ஆப்ட் அப்டேட் கட்டாயம். இமேஜின் அளவைக் குறைக்க அந்த மென்பொருள் பட்டியலை நீக்கியிருப்பார்கள்.

மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இனிமேல்தான். நெட்வொர்க்கை ஹோஸ்ட் என்று வைத்து (கணினியின் நெட்வொர்க்கையே பகிர்ந்து) இரண்டு கன்டெய்னர்களை ஓட்டுகிறீர்கள். டாபிக் (செய்தித் தடங்களின்) பட்டியல் முழுதாகத் தெரிகிறது, ஆனால் செய்திகளைக் காட்டும் எக்கோ கட்டளை போட்டால் ஒரு செய்தியும் வராது. ராஸ் செய்திகளைக் கடத்தும் இயல்புநிலை மென்பொருளான ஃபாஸ்ட் டிடிஎஸ், இரு பக்கமும் ஒரே கணினி என்று கருதிப் பகிர்நினைவகம் வழியாகத் தரவை அனுப்புகிறது. கன்டெய்னர்களோ தனித்தனிப் பகிர்நினைவகத்தில் இருக்கின்றன. பகிர்நினைவகத்தைத் தீர்மானிக்கும் ஐபிசி அமைப்பையும் ஹோஸ்ட் என்று வையுங்கள். அப்படியும் மௌனமென்றால், ஒரு பக்கம் ரூட்டாகவும் மறுபக்கம் சாதாரணப் பயனராகவும் ஓடுகிறதா என்று பாருங்கள். கோப்பு அனுமதி தடுக்கும். இவை எதையும் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்காதது பெரிய குறை.

ஒரே நெட்வொர்க்கில் பலர் வேலை செய்தால் ஆளுக்கொரு டொமைன் எண் (ஒரே எண் உள்ளவையே ஒன்றோடொன்று பேசும்), 0 முதல் 101-க்குள், வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் ரோபோ உங்கள் கட்டளைக்கு நகரும்.

விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதால், வெளியே இருக்கும் ரோபோவை மல்டிகாஸ்ட் (நெட்வொர்க்கில் பலருக்கும் ஒருசேர அனுப்பும் அறிவிப்பு) மூலம் கண்டுபிடிப்பது பொதுவாக நடக்காது. சிமுலேஷனுக்கு அவை போதும். நிஜ ரோபோவுக்கு லினக்ஸ் கணினியே வேண்டும்.