பொள்ளாச்சிப் பக்கமா, பேராவூரணிப் பக்கமா: தென்னைக்கு எது தோது?

தென்னை வைக்க நிலம் தேடுகிற பலரும் தமிழ்நாட்டில் இந்த இரண்டு பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கடல் காற்று பட்டால்தான் தென்னை நன்றாகக் காய்க்கும் என்று நம்புகிறவர்கள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று கிழக்கே போகிறார்கள். பொள்ளாச்சி இளநீருக்கு இருக்கும் பெயரைக் கேட்டவர்கள் ஆனைமலை அடிவாரத்துக்குப் போகிறார்கள். என் கணக்கில் கடலை வைத்தும் பெயரை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது. மழை இல்லாத மாதங்களில் மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் கேள்வி.

தென்னைக்குச் சராசரியாக 27 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம், ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்யும் 1300 மி.மீ.க்கு மேற்பட்ட மழை இருந்தால் பாசனமே வேண்டாம். நம்முடைய இரண்டு பக்கத்திலும் வெப்பத்துக்குக் குறைவில்லை. மழைதான் போதாது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மி.மீ. பெய்கிறது, அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் அப்படி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கும், அப்புறம் வடகிழக்கும் வரும். ஜூன் முதல் காற்று குளிர்ந்துவிடுவதால் மரத்தின் தாகமும் தணியும்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சொட்டுநீர்ப் பரிந்துரையிலேயே இந்த வித்தியாசம் தெரியும். மேற்கு மாவட்டங்களில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு உச்சத் தேவை 65 லிட்டர், அதுவும் பிப்ரவரி முதல் மே வரைதான். கிழக்கு மாவட்டங்களில் 80 லிட்டர், மார்ச் முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் இரண்டு பக்கமும் இதைவிடக் குறைவாக ஊற்றினால் போதும். நான்கு மாத உச்சச் செலவுக்கும் ஏழு மாத உச்சச் செலவுக்கும் உள்ள தூரம் மின்மோட்டார் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

ஒரு கோடை தப்பினால் அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தென்னையில் பாளையின் கரு உருவாவதிலிருந்து காய் முற்றும் வரை மூன்றரை ஆண்டுக்கும் மேலாகிறது. இந்தக் கோடையில் மரம் காய்ந்தால் குரும்பை கொட்டுவது உடனே தெரியும். ஆனால் கருவிலேயே நலிந்த பாளைகளின் இழப்பு இரண்டு, மூன்று வருஷம் கழித்து வெட்டில்தான் தெரியும்.

இவ்வளவும் கேட்டால் பொள்ளாச்சிதான் என்று தோன்றும். நிலத்தடி நீருக்கு வந்ததும் கதை மாறுகிறது. அங்கே அடியில் கடும்பாறை. பாறை வெடிப்பில் ஊறும் நீர்தான் ஆழ்துளைக் கிணற்றுக்கு வரும். வறட்சி நீண்டால் ஆயிரம் அடி போட்டும் புகைதான் வரும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் கிடைக்கும். 2016-17 வறட்சியில் கொங்குப் பகுதியில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் மரங்களைக் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் உண்டு. பேராவூரணிப் பக்கம் அடியில் மணல் அடுக்குகள், நீர் தேங்கி நிற்கும். கல்லணைக் கால்வாய், ஊரில் சொல்லும் புது ஆறு, மேட்டூர் திறந்த மாதங்களில் ஏரி குளங்களை நிரப்பி அந்த ஊற்றைக் காக்கிறது. கடைமடை என்பதால் தண்ணீர் தாமதமாக வரும், சில ஆண்டு வராமலும் போகும். இருந்தாலும் நம்பத்தக்க கிணறு என்று பார்த்தால் என் ஓட்டு கிழக்குக்குத்தான். கடலை ஒட்டிய நிலமாக இருந்தால் மட்டும் தண்ணீரைப் பரிசோதிக்காமல் வாங்கக் கூடாது. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், இளங்கன்று அவ்வளவு தாங்காது.

கடல் காற்று பற்றிய நம்பிக்கையில் ஓர் உண்மை இருக்கிறது. தென்னைக்குக் குளோரின் தேவை, கடலோரத்தில் அது தானாகக் கிடைத்துவிடும். ஆனால் நாம் வைக்கும் சாம்பல் சத்து உரமான மியூரேட் ஆஃப் பொட்டாஷிலும் அதே குளோரின் உண்டு. மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ என்ற பரிந்துரையை ஒழுங்காக வைத்தால் உள்நாட்டு மரத்துக்கு அந்தக் குறை வராது. மண்ணிலும் பெரிய சண்டை இல்லை. இரு பக்கமும் வடிகால் உள்ள செம்மண் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைக் கிழக்கிலும், சுண்ணாம்பு மிகுந்த கருமண்ணை மேற்கிலும் தவிர்த்தால் போதும்.

கிழக்கின் பெரிய பயம் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மழையில் ஊறிய மண்ணில், காய்ப்பாரம் தலையில் இருக்க, சல்லிவேரால் எவ்வளவு பிடிக்க முடியும்? புதிய கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். தலைமுறையாகத் தோப்பை நம்பி இருந்த குடும்பங்கள் அந்த ஒரே இரவில் பத்து வருஷம் பின்னால் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மேற்கில் அந்த அடி இல்லை, மரத்தை மெதுவாக நலிய வைக்கும் நோய் இருக்கிறது. கேரள வாடல் நோய் கணவாய்க்கு இந்தப் பக்கமும் வந்து ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளில் பரவியிருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, பூச்சிகள் மூலம் பரவுவது, குணப்படுத்தும் மருந்து இல்லை. ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈயும் 2016-ல் அந்த வட்டாரத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது. கிழக்கில் தஞ்சாவூர் வாடல் நோய் உண்டு. கோடையில் காயும் மணற்பாங்கான நிலத்தில் அது வேகமெடுக்கும். ஆனால் பாசனம், மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வாழை ஊடுபயிர் என்று அதை மட்டுப்படுத்த வழி இருக்கிறது.

சரி, இன்று புதிதாக நடுகிறவருக்கு நான் எதைச் சொல்வேன்? கடலிலிருந்து தள்ளி, பேராவூரணிக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையிலுள்ள மேட்டுச் செம்மண் நிலத்தைத்தான். புயலுக்காக ஒரு மரப்பயிரையே நம்பாமல் கொஞ்சம் நிலத்தை வேறு வெள்ளாமைக்கு விட வேண்டும். ஆனைமலை அடிவாரத்தில் ஏற்கெனவே தோப்பு வைத்திருப்பவர் விற்க வேண்டியதில்லை. நிழலும் ஈரப்பதமும் உள்ள அந்த இடத்தில் ஊடே ஜாதிக்காயும் கோகோவும் வரும், கிழக்கில் ஜாதிக்காய் எதிர்பார்க்க முடியாது. அங்கே பட்டுப்போன மரத்துக்கு மாற்றாக வைக்கும் கன்றை மட்டும் நோய் பரவிய தோப்பிலிருந்து எடுக்க வேண்டாம்.