சபைச் செலவுக்குத் தாங்குவது எது: ஏலமா, சங்கமா, பொருத்தனை அட்டையா?

உபதேசியார் (ஊர் ஆலயத்தின் ஊழியர்) சம்பளம், கரண்ட் பில், சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு) கட்ட வேண்டிய பங்கு எல்லாம் மாதம் தவறாமல் வரும். பணமோ அறுப்பின் பண்டிகையன்று மொத்தமாக வந்து விழும். நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள கிறிஸ்தவ சபைகள் பலவற்றின் சிக்கல் இதுதான்.

பண்டிகைக் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதில் உற்சாகம் உண்டு. காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவலை ஒருவர் எடுத்து ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். நாலு கை மாறுவதற்குள் சந்தை விலையைப்போலப் பல மடங்கு சேர்ந்துவிடும். கூரை மாற்ற, சுற்றுச்சுவர் கட்ட இது நல்ல வழி. மாதச் சம்பளத்தை மட்டும் இதை நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது. கௌரவத்துக்குக் கேட்ட தொகை பாக்கியாக நிற்கும். கையில் காசில்லாதவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

சங்கம், அதாவது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு சந்தா, எழுதுவது சுலபம்: குடும்பத்துக்கு இவ்வளவு, ஒரே நோட்டு. ஆனால் பீடி சுற்றும் அம்மாவும், புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆசிரியராக இருக்கிற வீடும் ஒரே தொகை கட்டுவது நியாயமில்லை. கட்ட முடியாதவர் பாக்கி வைப்பார். அது மகளுக்கு ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கேட்கும் நாளில் வெளியே வரும். அன்றைக்குப் பணம் வசூலாகும், ஆனால் அந்தக் குடும்பம் மனதால் சபையை விட்டு விலகிவிடும். கட்டாயமாய்க் கொடுக்க வேண்டாம் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை வாசித்துவிட்டு இப்படிச் செய்யலாகாது.

மாதச் செலவுக்கு எங்கள் தேர்வு பொருத்தனை அட்டைதான்: இவ்வளவு கொடுப்போம் என்று குடும்பமே எழுதித் தரும் அட்டை. உதாரணமாக 120 குடும்பம், மாதச் செலவு 36,000 ரூபாய் என்று வையுங்கள். குடும்பத்துக்கு 300 என்று வகுத்தால் அது மறுபடி சங்கம்தான். 5 குடும்பம் 1,500, 15 குடும்பம் 700, 40 குடும்பம் 300, 60 குடும்பம் 100 கொடுத்தாலும் அதே 36,000 வரும். இந்தக் கணக்கைப் பெயரில்லாமல் ஆராதனை முடிவில் விளக்குங்கள். அதோடு செலவுப் பட்டியலையும் கையில் கொடுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் நம் ஜனங்கள் தாராளமாகவே கொடுப்பார்கள். 1903ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்ற உறுதியோடுதான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பியது.

அட்டை இரண்டு பாதியாக இருக்கட்டும்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று பொருளாளருக்கு. தொகையைக் குடும்பமே எழுத வேண்டும். பணம் போட்டுத் தரும் கவரில் பெயர் வேண்டாம், எண் போதும். இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே ரசீது எழுதிவிட வேண்டும். தவணையை வரவுக்கு ஏற்ப விடுங்கள்: பீடிக் கூலிக்கு வாரம், சம்பளக்காரருக்கு மாதம், நெல் போடுகிறவருக்குக் கார் அறுப்பும் பிசான அறுப்பும், பனையேறிக்குப் பதனீர்க் காலம். எல்லாருக்கும் மாதக் கவரைக் கொடுத்துவிட்டு விவசாயி கட்டவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

எழுதினதெல்லாம் வந்துவிடாது. ஐந்தில் நான்கு பங்கை மட்டும் வைத்து வரவு செலவு போடுங்கள். மூன்று மாதம் கவர் வராவிட்டால் ஐயர் (குருவானவர்) அந்த வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்கட்டும், பாக்கி கேட்க வேண்டாம்; பெரும்பாலும் அங்கே ஆஸ்பத்திரிச் செலவோ வேலையிழப்போ இருக்கும். தொகையைக் குறைத்துப் புது அட்டை எழுத அப்போதே வழி சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் பலகையில் பெயரும் தொகையும் ஒட்டினால், அடுத்த வருடம் 100 எழுதினவர் அட்டையே வாங்கமாட்டார்.

கைப்பிடி அரிசியை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, கையில் ரொக்கமில்லாத அம்மாவுக்கும் தினமும் கிடைக்கிற பங்கு. ஒரு பிடி 40 கிராம் என்றாலும் மாதம் 1.2 கிலோ. ரேஷன் அரிசிக்கும் கடை அரிசிக்கும் தனித்தனிச் சாக்கு வையுங்கள். கலந்தால் விலை போகாது, நாள் கடந்தால் வண்டு விழும்.

சென்னை, மும்பை, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் சபைக் கணக்குக்கே அனுப்பட்டும், யாருடைய சொந்த ஜிபேக்கும் வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தரும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்குரிய பதிவு இல்லாத சபை அதைத் தொடவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு அந்தத் தடை இல்லை.